மேல்கம்பிக்காரனும் கீழ்க்கம்பிக்காரனும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் நன்றாக இருக்காது. போன மாதம் இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், எண்பதைத் தாண்டிய நான், பட்டு வேட்டியும் சால்வையுமாக, குடைக்காம்பால் ஓர் இரும்புக் கம்பியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பதில் வரும் என்று.

பதில் வந்தது, ஆனால் கம்பியிலிருந்து இல்லை. தலையில் மஞ்சள் தொப்பியும் இடுப்பில் ஏகப்பட்ட வார்களும் மாட்டிய ஓர் இளைஞன் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

"தாத்தா, தொடாதீங்க! ஆளு போற கம்பி அது!"

உண்மைதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டு, கொலை விழுந்த மாதிரி கத்தியபடி தேயிலைக்கு மேலாகப் பறந்து போனாள். அடுத்த முறைக்கு இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். "தம்பி, எங்க காலத்துல மனுசன் நிப்பான், கொழுந்து போகும்" என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கல்யாண வீட்டுப் பக்கம் பார்க்க வைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது.

சாப்பிடும்போதுதான் கவனித்தேன், இடது உள்ளங்கையில் அந்தக் கம்பியின் வாசனை அப்படியே இருந்தது. துருவும் கிரீசும் கொஞ்சம் மழையும் கலந்த வாசனை. எத்தனையோ வருடம் என் சோற்றிலும் வெற்றிலையிலும் என் பெண்டாட்டியின் திட்டிலும் இருந்த வாசனை அது. "கைய நல்லாக் கழுவிட்டுத்தான் புள்ளயத் தூக்குங்களேன்" என்பாள். எங்கே கழுவினாலும் போகாது. இப்போது அதைக் கழுவ மனமில்லாமல் வலது கையால் மட்டும் சாப்பிட்டு முடித்தேன். வலது கையால் மட்டும்தானே எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன், விடுங்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் எனக்குக் கம்பி கிடைத்தது. கொஞ்ச நாளில் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்துவிட, நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஆனால் நான் மேல்கம்பிக்காரன் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் மலையுச்சியில் இருந்த பிரிவுக்கு மேக்கணக்கு என்று பெயர். பள்ளத்தில் இருந்தது கீக்கணக்கு. தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அது கீக்கணக்கில் ஆற்றோரமாக இருந்தது. மேலே கொய்த கொழுந்தைத் தலையில் சுமந்துகொண்டு கீழே போவதற்குள் அது பாதி வெந்துவிடும். அதனால் வெள்ளைக்காரத் துரைமார் உச்சியிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உச்சியில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் நான். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்துச் சாக்கில் அடைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். நான் சாக்கின் கழுத்தை இறுக்கிக் கட்டி, உருளை வைத்த கொக்கியில் மாட்டி, கம்பியில் ஏற்றித் தள்ளிவிடுவேன். அது வீலென்று கத்திக்கொண்டு பனிக்குள் போய் மறையும். கீழே பழைய சாக்குகளை மெத்தை மாதிரிக் குவித்து வைத்திருப்பார்கள். அதில் போய்ப் பொத்தென்று மோதி நிற்கும்.

அதைக் கழற்றி எடுக்கிறவன் வீரமலை. கீழ்க்கம்பிக்காரன்.

அவன் கழற்றுவதற்குள் நான் அடுத்த சாக்கைத் தள்ளினால் அவன் மண்டை இருக்காது. பனியில் ஒருவரையொருவர் பார்க்கவும் முடியாது. ஆகவே ஓர் இரும்புத் தடியால் கம்பியைத் தட்டிப் பேசிக்கொள்வது வழக்கம். அவன் ஒரு தட்டுத் தட்டினால் பொறு என்று அர்த்தம். இரண்டு தட்டினால் அனுப்பு. கையைக் கம்பியில் வைத்திருந்தால் தட்டு உள்ளங்கையில் வந்து துடிக்கும். துரைமார் எங்களுக்குக் கொடுத்த பாஷை அவ்வளவுதான். மிச்சத்தை நாங்கள் உண்டாக்கிக்கொண்டோம்.

துரை வருகிறார் என்பதற்குப் படபடவென்று ஒரு தட்டு. மழை வருகிறது என்பதற்குச் சின்னச் சின்னதாக ஒரு தட்டு. சாப்பிட்டாயா என்பதற்கு ஒன்று. பெண்டாட்டியோடு சண்டை என்பதற்கு ஒன்று. அதை நான்தான் அதிகம் தட்டினேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிரிப்பு. தடியைக் கம்பியில் வைத்து இழுத்து உரசினால் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். அதுதான் வீரமலையின் சிரிப்பு. கம்பி முழுக்க நடுங்கிக்கொண்டு மலையேறி வந்து என் உள்ளங்கையில் சிரிக்கும். நானும் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர்களில் யாருடைய சிரிப்பையும் நான் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்புக்காக நான் செய்த வேலைகளைச் சொன்னால் உங்களுக்கு என்மேல் இருக்கிற கொஞ்ச மதிப்பும் போய்விடும். கொழுந்துச் சாக்கின் வாயில் சூடான ரொட்டியும் மிளகாய் இடித்த கட்ட சம்பலும் வைத்து அனுப்புவேன். அது நல்ல காரியம். அடுத்த நாள் அதே பொட்டலத்தில் ஓடை நண்டு போகும். வீரமலை பதிலுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் மறுநாள் காலை வரைக்கும் பொறுக்க வேண்டும். வெறும் சாக்குகளையும் கொக்கிகளையும் ஆட்கள் அப்போதுதான் சுமந்து மேலே கொண்டுவருவார்கள். ஒரு தடவை சாக்குக்குள் ஓர் உருளைக்கிழங்கு வந்தது. அதில் எங்கள் கங்காணியின் மூக்கு அப்படியே இருந்தது. கத்தியால் செதுக்கியதில்லை, கிழங்கே அப்படி விளைந்திருந்தது. அதைக் கங்காணியிடமே காட்டி, "இது யாருன்னு சொல்லுங்க" என்று கேட்டேன். "ஒங்கப்பன்" என்றார்.

சேவல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டோரில் இயந்திரத்தை ரோதை என்போம். அதற்கு ஒரு சாமி உண்டு, ரோதைமுனி. வருடத்துக்கு ஒரு தடவை சேவல் அறுத்துப் பூசை போட்டால்தான் ரோதை கை விரலைக் கேட்காது என்று நம்பிக்கை. அந்த வருடம் என் வீட்டுச் செஞ்சேவலைத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். பூசை நாளன்று அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கச் சோம்பல். இவ்வளவு கொழுந்து போகிறதே, ஒரு சேவல் போகாதா என்று சாக்கில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியக் கட்டி, கம்பியில் தள்ளிவிட்டேன். கொக்கரித்துக்கொண்டுதான் கிளம்பியது. பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது.

கீழே சூடத்தைக் கொளுத்திக்கொண்டு எல்லாரும் காத்து நின்றார்களாம். சாக்கை அவிழ்த்ததும் சேவல் வெளியே வந்து, ஒரு வட்டம் சுற்றி, மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டதாம். பூசாரி குனிந்து அதன் கண்ணைப் பார்த்துவிட்டு, "பாதி உசுரு மேலேயே நின்னுருச்சு. சாமிக்குப் பாதியக் குடுக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டார். வேறு சேவலைத் தேடிப் பிடித்து அறுத்தார்கள். என் சேவல் வீரமலை வீட்டிலேயே வளர்ந்தது. அதற்குப் பிறகு கூவியதே இல்லை. அன்று மாலை பூராவும் கம்பி கர்ர்ர், கர்ர்ர் என்று சிரித்துக்கொண்டே இருந்தது. நான் கொட்டிலுக்குள் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

இப்படி ஒரு கூட்டாளியை நேரில் பார்த்தால் எப்படியெல்லாம் பேசியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் கீழே இறங்குவோம். கூட்டத்தில் அவனைப் பிடித்துவிடுவேன்.

"என்னா மச்சான்?"

"இருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா."

பிறகு இரண்டு பேரும் தப்படிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம். என் பெண்டாட்டி வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கேட்டாள், "இவருகூடயா நாள் பூரா கொட்டிக்கிட்டுக் கெடக்குறீங்க? ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசக் காணோமே."

"கூட்டத்துல அவனுக்குக் கூச்சம்" என்றேன். அதை நானே நம்பினேன்.

அறுபதுகள் பிறந்தபோது வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து ஒரு புதுத் துரை வந்தார். வந்தவர் கம்பியை அண்ணாந்து பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். மூன்றும் பழையது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேக்கணக்கு வரைக்கும் ரோட்டு வெட்டி, லொறியிலேயே கொழுந்தை இறக்குவது என்று முடிவாயிற்று. வெட்டின பாதை என் கொட்டிலுக்கு நேர் கீழே வளைந்து போனது. மண் சரிகிற சத்தத்தில் வீரமலையின் தட்டு எனக்குச் சரியாகக் கேட்காமல் போக ஆரம்பித்தது.

கணக்கெழுதுகிற கிளாக்கரையா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். மூக்கின் நுனியில் கண்ணாடி.

"மேல லொறிக்குக் கொழுந்து ஏத்த ஒரு ஆளு வேணும். நீ அங்கனயே இருந்துக்க. வீரமலைய ஸ்டோருக்குள்ள ரோதைக்குப் போடப் போறோம்."

"ஐயா, என்னயும் ஸ்டோருக்குள்ளேயே போட்டுருங்க."

"ஏண்டா? தெனமும் மல எறங்கி மல ஏறணுமே. காலு என்னாத்துக்கு ஆகும்?"

"வீரமல நிக்கிற ரோதையிலேயே போடுங்கையா. கூட்டாளி."

"அவன்கிட்டக் கேட்டியா?"

"அவன்கிட்டக் கேக்க என்னா இருக்குங்கையா!"

கிளாக்கரையா கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் பீலியில் விழுகிற ஊற்றுத்தண்ணி பிடிக்க நின்ற பெண்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கம்பி வேலை போகிறது என்கிற கவலையே எனக்கு இல்லை. வீரமலை பக்கத்தில் நிற்கப் போகிறேன். நாள் பூராவும். நடுவில் பனி இல்லை, மலை இல்லை. இனி ஒரு வேடிக்கைக்கு மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதைவிட வேறு என்ன வேண்டும்?

கடைசி நாள் காலையில் பெண்டாட்டியிடம் சொன்னேன், "கடைசிச் சாக்குக்குப் பதிலா நானே தொங்கிக்கிட்டுப் போயிடவா?"

"போங்க. அந்தப் புது வேட்டிய மட்டும் கழட்டி வச்சிட்டுப் போங்க. ஒங்க தம்பிக்கு ஆகும்."

அன்று கொழுந்து பறிக்கிற பெண்கள் கொக்கிக்குச் செவ்வந்தி சுற்றியிருந்தார்கள். யாரோ சூடமும் கொளுத்தினார்கள். கடைசிச் சாக்கில் என்ன வைத்து அனுப்புவது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். தவளை, கங்காணியின் தலைப்பாகை, என் பழைய செருப்பு, எல்லாம் மூலையில் தயாராக இருந்தன. தவளை உண்மையிலேயே தயாராக இருந்தது, தகர டப்பாவுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. ஆனால் கட்டும்போது கை வரவில்லை. வெறும் கொழுந்தை மட்டும் கட்டினேன். இரண்டு தட்டு வந்தது. தள்ளிவிட்டேன். அது வழக்கம் போலக் கத்திக்கொண்டு பனிக்குள் போயிற்று.

கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பொத்தென்று மோதியது தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தட்டு. இடைவெளி விட்டு இன்னொன்று. மறுபடி இடைவெளி. பொறு என்பதில்லை அது, அனுப்பு என்பதுமில்லை, சிரிப்பும் இல்லை. எங்கள் பாஷையில் இல்லாத ஒன்று. மெதுவாக, ஒரே சீராக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நானும் தடியை எடுத்து அதே மாதிரித் தட்டினேன். அவன் ஒன்று, நான் ஒன்று.

"என்னாங்கடா சொல்லிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று கொழுந்துக்கூடையோடு நின்ற ஓர் அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன்.

கம்பியைத் தளர்த்துகிற ஆட்கள் வந்து, "போதும், நகருங்க" என்று சொல்லும்வரை தட்டினோம். தவளையைத் திறந்து விட்டுவிட்டு, கம்பளியையும் தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினேன். வீரமலை ஸ்டோர் வாசலில் நின்றான். ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்க வேண்டும் என்றுதான் இறங்கினேன்.

"என்னா மச்சான்?" என்றேன்.

"இருக்கேன்" என்றான்.

ஸ்டோருக்குள் ஒரு வாசனை உண்டு. அரைபட்ட கொழுந்து புளிக்கிற வாசனை. முதலில் தலை சுற்றும், பிறகு பசிக்கும். ரோதை சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் தும்மினால்கூடக் கேட்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரோதைக்கு இரண்டு பக்கமும் நின்று வாடிய கொழுந்தை அள்ளிப் போட்டோம். நான் சும்மா இருப்பேனா? சுற்றிப் போய் அவன் காதோரம் வாயை வைத்து முதல் வேடிக்கையைக் கத்தினேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அப்போது வெற்றிலை போடுகிற பழக்கம்.

தேத்தண்ணி நேரத்தில் படிக்கட்டில் ஒன்றாக உட்கார்ந்தோம்.

"அந்தச் சேவல நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது மச்சான்."

"அது செத்துப் போச்சு."

"எப்ப?"

"போன வருசம்."

அதற்குமேல் சேவலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவன் தேத்தண்ணியை ஊதி ஊதிச் சத்தமில்லாமல் குடிப்பான். நான் உறிஞ்சிக் குடிப்பேன். அவன் சாக்கை மடித்தால் நாலு மூலையும் ஒன்றாக நிற்கும். நான் மடித்தால் அது சாக்கா, நாயா என்று தெரியாது. நான் மடித்ததை அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மறுபடி மடிப்பான். மேலே இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கு ஒரு வேடிக்கைதான் அனுப்ப முடியும். அதைத் தட்டிக் கொட்டி, நல்லதாகப் பார்த்து அனுப்புவேன். இங்கே வாய் பக்கத்திலேயே இருந்தது. வந்ததையெல்லாம் சொன்னேன். சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவன் "ம்" என்பான். ரோதைச் சத்தத்தில் அந்த "ம்"கூட எனக்குக் கேட்காது; உதடு மூடுவதை வைத்து நானாகக் கண்டுபிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஓர் இரும்புத் துண்டை எடுத்து ரோதையின் காலில் பழைய மாதிரி படபடவென்று தட்டினேன். துரை வருகிறார்! இதற்காவது திரும்பிப் பார்த்துச் சிரிப்பான் என்று. அவன் திரும்புவதற்கு முன்னால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரையா மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்து ரோதையை நிறுத்திவிட்டார். உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம். ஸ்டோரே அமைதியாகிவிட்டது.

"எவண்டா தட்டுனது?"

நான்தான் என்றேன். திட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து விழுந்தது. வீரமலை தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு ரோதை சுற்ற ஆரம்பித்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ரோதைக்கு அந்தப் பக்கம் வேறொருவன் நின்றான். கிளாக்கரையாவிடம் ஓடினேன். "ஒன் கூட்டாளி கவ்வாத்துக்குப் பேர மாத்திக்கிட்டாண்டா" என்றார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. மழை, அட்டை, முதுகு ஒடிகிற வேலை. சூடான கூரைக்குக் கீழே நிற்கிற ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு யாரும் அதைக் கேட்டு வாங்க மாட்டார்கள். "நானும் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன்" என்று கிளாக்கரையா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குடியிருந்த வரிசைவீட்டு லயத்துக்குப் போனேன்.

அன்று நான் பார்த்த எதுவும் இப்போது இல்லை. அறுத்த கம்பியை வீட்டுக்கு ஒரு துண்டாகக் கேட்டு வாங்கி லயத்து வாசலெல்லாம் துணி காயப் போட்டிருந்தார்கள். அந்தக் கொடிகளும் துருவாகி உதிர்ந்துவிட்டன. என் தகரக் கொட்டில் யாருடைய கோழிக்கூடாகவோ போயிற்று. லொறி வந்த ரோட்டில் இப்போது நடக்கவே பயமாக இருக்கிறது. ஸ்டோரில் ரோதைகளைக் கழற்றி விற்றுவிட்டுச் சுவர்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள், ஹோட்டலாக்கப் போகிறார்களாம். ரோதைமுனிக்கு யார் பூசை போடுவார்களோ. வீரமலையும் அவன் பெண்டாட்டி அஞ்சலையும் பிள்ளைகளோடு பிற்காலத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது வேனுக்குள் உள்ளங்கையை மோந்து பார்த்தேன். பந்தியில் பரிமாறினவன் கொடுத்த சோப்பில் மறந்துபோய் இரண்டு கையையும் கழுவியிருக்கிறேன்; அந்த வாசனைதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரமலை தன் ஒற்றையறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அஞ்சலை தேத்தண்ணி கொடுத்தாள். உறிஞ்சாமல் குடித்தேன். ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வாசலில் மேய்கிற கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"இத்தன வருசம் பழகுனோமே மச்சான். பக்கத்துல வந்தப்புறம் ஏன் இப்படி?"

அவன் கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"நான் பழகுனது மேல இருந்தவன்கிட்ட."